அந்தியேட்டிக்குப் பிறகு யார்?

2018 மார்ச்சில் கிளிநொச்சியில் நடந்த ஒரு மரணச்சடங்கை வன்னி இன்னும் மறக்கவில்லை. இறந்தவர் இரண்டு பிள்ளைகளின் தாய். ஆயுள்தண்டனை பெற்ற அரசியல் கைதியான தகப்பன் சில மணிநேர அனுமதியில் காவலோடு வந்து மனைவியை வழியனுப்பினார். அவர் திரும்பும் வேளை, சின்ன மகளும் பின்னாலேயே சிறைச்சாலை வாகனத்தில் ஏறினாள். அந்தக் காட்சியின் படத்தைப் பார்த்து உலகமெங்கும் தமிழர்கள் அழுதார்கள். ஜனாதிபதியிடம் பொதுமன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துகள் திரட்டப்பட்டன. பிள்ளைகளை வளர்க்கும் பாரமோ அம்மம்மாவின் தலையில் இறங்கியது.

படம் எடுக்கப்படாத இப்படியான வீடுகள் வன்னியில் பல. அவற்றுக்காக ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம்: செத்த வீட்டுக்கென்று சேரும் காசில் பாதி பிள்ளைகளுக்குப் போக வேண்டும்.

எங்கள் சனம் சாவு வீட்டைத் தனியே விடுவதில்லை. மரண உதவிச் சங்கம் பந்தலும் கதிரையும் கொடுத்து, சந்தாக் காசில் ஒரு தொகையும் தரும். அயலட்டை சமைத்துக் கொண்டு வரும். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் ஊரவர்கள் அன்றிரவே காசு அனுப்புவார்கள். 2009இன் பேரழிவுக்குப் பிறகும் இந்தப் பழக்கம் சாகவில்லை என்பது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் வந்த காசு பெட்டி, எட்டு, அந்தியேட்டிச் சாப்பாடு, நினைவு மலர், வீடியோ என்று முப்பத்தொரு நாளுக்குள் கரைந்துவிடுகிறது. கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, ரியூசன் காசு எல்லாம் அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வாசலுக்கு வருகின்றன. தாய் நுண்கடன் எடுத்திருந்தால் அந்தக் கவலையும் கூடவே வரும். கொடுக்க எவருமில்லாதபோது பிள்ளை சிறுவர் இல்லத்துக்குப் போகிறது. அந்த இல்லங்களின் சேவையை மதிக்கிறோம். என்றாலும், வைத்துப் பார்க்க அம்மம்மா இருக்கையில், வறுமை ஒன்றுக்காகவே ஒரு பிள்ளையை அவரிடமிருந்து பிரிப்பது கொடுமை.

செத்தவருக்குச் செய்வதைக் குறைப்பதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். கிரியையில் கைவைக்கச் சொல்லவில்லை. ஊருக்குப் போடும் விருந்தையும், பிறர் வாய்க்குப் பயந்து செய்யும் ஆடம்பரத்தையும் விடச் சொல்கிறோம். தன் பிள்ளை பசியோடு பள்ளிக்கூடம் போக, தன் பெயரில் பந்தி நடப்பதை எந்தத் தாய் விரும்புவாள்?

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரே தடவையில் இலட்சம் அனுப்புவதிலும் மாதம் ஐயாயிரம் தவறாமல் வருவது பிள்ளைக்குப் பெரிது. அதற்காக அழுத முகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு வகுப்பில் மற்றவர்களோடு இருக்க வேண்டும்.

அரசின் கடமை இதனால் குறைந்துவிடாது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபா தரும் திட்டத்தை 2025 வரவுசெலவுத் திட்டம் முன்வைத்தது. வரவேற்கிறோம். ஆனால் வன்னியில் தகப்பன் காணாமலாக்கப்பட்டு, தாயும் இறந்துபோன பிள்ளைகள் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமலாக்கப்பட்டவர்களைக் கேட்டுப் போராட்டம் தொடங்கிய குடும்பங்களைக் கேட்டால் தெரியும்: தகப்பனுக்கு மரணச் சான்றிதழ் எடுப்பது அவர்களுக்கு வெறும் கடதாசி வேலை அல்ல. உதவிக்காக அதைக் கேட்டு எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. தகப்பன் சிறையிலிருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த உதவி உண்டு என்பதைத் திட்டத்தின் சுற்றறிக்கையில் தெளிவாக எழுத வேண்டும்.

மரண உதவிச் சங்கங்கள் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே யாப்பைத் திருத்தட்டும். எட்டுக்கு முன்பே பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, சேரும் காசில் பாதியை அதில் போட வேண்டும். பாதுகாவலரும் சங்கப் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டுமே காசு எடுக்கலாம். மாதக் கணக்கைக் கிராம அலுவலர் பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது மிச்சம் முழுவதும் அதன் கையில் சேர வேண்டும்.