பழைய பாடியை வேறு சேஸிஸில் ஏற்றலாமா?



செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் எனக்குச் சென்ற ஆண்டு நேர்ந்ததை எழுதுகிறேன். என் பழைய பிக்கப்பின் சேஸிஸ் துருப்பிடித்து உளுத்துவிட்டது. ஆனால் அதன் மேல் இருந்த லோடு பாடி, இரண்டு வருடம் முன்புதான் புதிதாகக் கட்டியது. நல்ல சேஸிஸும் இன்ஜினும் உள்ள இன்னொரு பிக்கப் மலிவாகக் கிடைத்தது. அதன் பாடி ஓட்டை. இதைத் தூக்கி அதில் வைத்தால் போயிற்று என்று நினைத்தேன். பட்டறையில் ஒரே நாளில் வைத்தும் கொடுத்தார்கள்.

எட்டாம் மாதம் சேஸிஸில் விரிசல் விட்டது. யூ போல்ட் போட்டு, நடுவில் கட்டையோ ரப்பரோ வைத்து இறுக்க வேண்டிய இடத்தில், சேஸிஸ் சட்டத்தின் மேல் விளிம்பிலேயே டிரில் போட்டு போல்ட் முடுக்கியிருந்தார்கள். பாரம் ஏறும்போது அதிக அழுத்தம் விழும் இடமே அந்த விளிம்புதான். விரிசல் அந்த ஓட்டையிலிருந்துதான் கிளம்பியிருந்தது. சக்கர இடைவெளியும் பழைய வண்டியைவிடக் குறைவு. ஆகவே பாடி பின்னால் நீண்டு நின்றது. சரக்கு வண்டியின் பின்நீட்டம் சக்கர இடைவெளியில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி இருப்பதே எஃப்.சி.க்குப் போனபோதுதான் எனக்குத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், நம் பக்கத்திலேயே இந்த வேலையைக் கரைத்துக் குடித்தவர்கள் இருக்கிறார்கள். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் லாரி பாடி கட்டுவதற்குப் பேர்போனது. எரிவாயு டேங்கர் வைத்திருப்பவர்கள் சேஸிஸ் தேய்ந்ததும் புல்லட்டைக் கழற்றிப் புது சேஸிஸில் ஏற்றுகிறார்கள். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக்கையும் அப்படித்தான் மாற்றுகிறார்கள். ஆனால் டேங்கர்காரர் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு போல்ட்டைத் தொடமாட்டார். நாமோ 'சின்ன வண்டிதானே' என்று விட்டுவிடுகிறோம்.

சட்டத்தின் கண்ணில் சின்ன வண்டி, பெரிய வண்டி என்ற பேதமில்லை. ஆர்.சி.யும் இன்சூரன்சும் சேஸிஸ் எண்ணை வைத்தே நிற்கின்றன. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. தவணையில் வாங்கிய வண்டியானால் பைனான்ஸ் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே 2019-இல் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ. 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். திறந்த பாடியை மூடிய கூண்டாக்கினால் ஆர்.சி.யில் பாடி வகையே மாறுகிறது. அதில் வாதத்துக்கு இடமில்லை. அதே வகை, அதே அளவு என்றால்கூட எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குவதே நல்லது என்பது அடியேன் கருத்து. கேபினை மாற்றி, பழைய நம்பரையும் சேர்த்து ஏற்றுவதும், சேஸிஸ் எண்ணை வெட்டி ஒட்டுவதும் வேறு கதை. அது கிரிமினல் குற்றம். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வியாபாரிக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. வண்டியின் மொத்த எடை சேஸிஸோடு முடிவானது. பாடி 100 கிலோ கூடினால் 50 கிலோ மூட்டை இரண்டு குறைந்தது என்று அர்த்தம், அதுவும் ஒவ்வொரு நடைக்கும். கனத்த இரும்புப் பாடி 'ஸ்ட்ராங்' என்று மகிழ்கிறோம். வழக்கமான மூட்டைகளையே ஏற்றுகிறோம். அதிகப் பாரத்துக்கு அபராதமே ரூ. 20,000-இல் தொடங்குகிறது. பாடியை ஏற்றிய அன்றே காலி வண்டியை எடை மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கியிருந்தால் எனக்கு எஃப்.சி.யில் தலைகுனிவு வந்திருக்காது.

கழித்த சேஸிஸை இரும்புக்கடையில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்களும் நம்மில் உண்டு. 14 நாளுக்குள் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். இல்லையேல் இல்லாத வண்டிக்கு வரி கேட்டு நோட்டீஸ் வரும்.

நம் சங்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலரை ஒருமுறை நேரில் அழைக்க வேண்டும். சிறு வண்டிக்கு லோடு பாடி மாற்ற என்னென்ன காகிதம், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்று தமிழில் ஒரு தாள் எழுதி வாங்கி, கடைக்குக் கடை கொடுக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர இருக்கிறேன். முன்மொழிய நான் தயார்; வழிமொழிய யாரேனும் வாருங்கள்.