வந்தவரும் பிறந்தவரும்

வீடு என்று ஒன்று இருந்தால் வாசல் என்று ஒன்று உண்டு. வாசல் இருந்தால் கதவும் உண்டு. கதவைத் தட்டுகிறவரை, “நீர் யார்? எங்கிருந்து வருகிறீர்? எத்தனை நாள் தங்குவீர்?” என்று கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. நாட்டுக்கும் இது பொருந்தும். பாஸ்போர்ட், விசா என்று நாம் சொல்வதெல்லாம் இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதி முத்திரை குத்திய வடிவமே அன்றி வேறில்லை. ஆகவே, அயல்நாட்டார் எவரும் எவ்வித அனுமதியுமின்றி வரலாம், போகலாம் என்று வாதாட நான் இக்கட்டுரையை எழுதவில்லை.

விதியின் அருமையைச் சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் அமர்ந்து வேலை செய்யக் கூடாது என்பது விதி. அதை மீறிய இடங்களில் என்ன நேர்ந்தது என்பதை நம் ஊர்கள் நன்கு அறியும். அந்த விதிக்கு ஒரு காரணம் இருக்கிறது. எனவே அதை மதிக்கிறோம். ஆனால் காரணம் பொருந்தாத இடத்தில் ஒரு விதியைக் கொண்டுபோய் வைத்தால் என்னாகும்? அதைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே விசா என்பது நெடுங்காலப் பழக்கமன்று. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கினார். தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைத் தொழிலாளரை மண்டபத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். எதற்காக? உடலில் நோய் உண்டா என்று பார்க்க! அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பது அன்று கேள்வியாகவே இல்லை. இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களை ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தொடங்கியது வேறொரு பயணம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறியவர்கள் ராமேசுவரம் கரையில் வந்து இறங்கினார்கள். எரிகிற வீட்டிலிருந்து ஓடுகிறவன் தூதரக வாசலில் வரிசையில் நின்று விசா வாங்கிக்கொண்டா ஓடுவான்? நம் விருதுநகர் மாவட்டம் தனி மாவட்டமானதே 1985-இல்தான். அவர்களுள் முதலில் வந்தவர்கள் நம் மாவட்டத்துக்கே மூத்தவர்கள்! இன்று குல்லூர்சந்தையிலும் ஆனைக்குட்டத்திலும் கண்டியாபுரத்திலும் அவர்களுடைய முகாம்கள் இருக்கின்றன. தமிழகம் முழுவதும் முகாம்களில் சுமார் 58,000 பேரும், வெளியே சுமார் 34,000 பேரும் வாழ்வதாக 2021-இல் சட்டமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அவ்வாண்டு முதல் அவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்பது பெயர். பெயர் மாறியது நன்று. ஆனால் சட்டத்தின் சொல் மாறவில்லை.

அந்தச் சொல் என்ன? ‘சட்டவிரோதக் குடியேறி’. முறையான பயண ஆவணமின்றி நாட்டுக்குள் வந்தவரை அவ்வாறு குறித்து, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியையும் 2003-ஆம் ஆண்டின் திருத்தம் அடைத்துவிட்டது. வந்தவர் நிலை இது. இங்கே பிறந்த பிள்ளையின் நிலை என்ன? 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். முகாமில் வாழ்ந்த பெண்மணி ஒருவர், தாம் 1986-இல் இங்கே பிறந்ததைக் காட்டி நீதிமன்றத்தின் துணையோடு பாஸ்போர்ட் பெற்று, 2024 தேர்தலில் வாக்களிக்கவும் செய்தார். ஆனால் அந்தத் தேதிக்குப் பின் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கு அந்த உரிமை இல்லை. முகாமிலிருந்து கல்லூரிக்கு வரும் தோழி ஒருத்தியை நான் அறிவேன். அவள் கடலைக் கடந்தவளல்லள். விருதுநகர்ப் பேருந்து நிலையத்தைத்தான் தினமும் கடக்கிறாள். எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் ‘நாட்டினம்’ என்ற கட்டத்தில் அவள் பேனா நின்றுவிடும்.

இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். 2014 நவம்பரில் இந்தியா மின்னணு விசாவைத் தொடங்கியது. 2015-இல் அது இலங்கையருக்கும் வந்தது. கொழும்பில் இருப்பவர் வீட்டிலிருந்தபடியே விண்ணப்பித்து மதுரையில் வந்து இறங்கலாம். நேபாளத்தார்க்கும் பூட்டானியர்க்கும் விசாவே தேவையில்லை. இவற்றை நான் குறை கூறவில்லை; மனமார வரவேற்கிறேன். சுற்றுலா வருகிறவருக்கு இவ்வளவு எளிதாகத் திறக்கும் கதவு, நாற்பதாண்டுகளாகத் திண்ணையில் இருப்பவருக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை என்பதே என் கேள்வி.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9-க்குள் இங்கே அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா கட்டாயத்திலிருந்து விலக்கு அளித்தது. தலைக்கு மேல் தொங்கிய கத்தி அகன்றது. நன்றி சொல்ல வேண்டும். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு. உரிமை உண்டு என்பது வேறு.

“அவர்கள் திரும்பிப் போகலாமே” என்பர் சிலர். போக விரும்புவோர் போகட்டும். அதற்கும் வழி செம்மையாக வேண்டும். தமிழகத்திலிருந்து நாடு திரும்பிய முதியவர் ஒருவர் 2025 மே மாதம் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அன்று அனுமதியின்றி வெளியேறினாராம்! பின்னர் விடுவிக்கப்பட்டார். வெளியேறியதும் குற்றம், நுழைந்ததும் குற்றம் என்றால் மனிதன் கடல் நடுவிலா வாழ்வான்?

“பாதுகாப்பு என்னாவது?” என்றும் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆனால் இவர்களைவிட நன்கு பதிவான மக்கள் யார்? பெயர், குடும்பம், முகவரி அனைத்தும் அரசின் ஏட்டில் உள்ளன. குறித்த நாளில் தணிக்கைக்கும் நேரில் வந்து நிற்கிறார்கள். தெரியாதவரைப் பற்றித்தான் அஞ்ச வேண்டும்.

உலகம் இதற்கு வழி காணாமலும் இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் நாடிழந்த மக்களுக்காக, நார்வே நாட்டு நான்சன் 1922-இல் ஒரு தனிப் பயணச்சீட்டையே உருவாக்கினார். எந்த நாடும் தம்முடையவர் என்று சொல்லாதவர்கள் அந்தத் தாளை ஏந்தி எல்லைகளைக் கடந்தார்கள். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, உயிருக்கு அஞ்சி வந்தவரை அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கலாகாது என்கிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. கையெழுத்திடாமலே அடைக்கலம் தந்த பெருமை நமக்குண்டு. அந்தப் பெருமையைப் பாதியில் நிறுத்துவானேன்?

என் கருத்து இதுதான். இங்கே பிறந்து இங்கேயே படித்தவர்களைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்லிலிருந்து சட்டத் திருத்தத்தின் வழியாகவே விடுவிக்க வேண்டும். அவர்கள் விரும்பினால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி வேண்டும். திரும்ப விரும்பும் பெரியவர்களுக்கு இரு அரசுகளும் சேர்ந்து வழக்கில்லாத பயணத்தை உறுதி செய்ய வேண்டும்.

மாணவ நண்பர்களே! கணியன் பூங்குன்றனாரின் ஊர் நமக்கு அண்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. விழா மேடைகளில் அவர் பாட்டைச் சொல்லிக் கைதட்டல் பெறுகிறோம். கைதட்டல் ஓய்ந்த பின்பு, நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பவரின் நாட்டினம் என்ன என்ற கேள்விக்கும் விடை தேடுவோம். விசா என்பது வருகிறவரிடம் கேட்க வேண்டியது. பிறந்தவரிடம் கேட்க வேண்டியதன்று.