சேமஅச்சும் பற்றவைப்புக் கருவியும்

பண்டைத் தமிழகத்தில் உப்பு வாணிகம் செய்த உமணர், மேடும் பள்ளமும் முன்னறியவொண்ணாத நெடுவழியிற் செல்லுங்கால், தம் வண்டியின் அச்சுக்குக் கீழே வேறோர் அச்சையும் கட்டிக்கொண்டு சென்றனர் என்பதைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டால் அறிகின்றோம். அதற்குச் சேமஅச்சு என்று பெயர். ஔவையார் அதனைப் பொகுட்டெழினி என்னும் தலைவனுக்கு உவமையாக்கினார். இடர் வந்துழி உதவுதற்கென்றே உடன்வருவது அஃதாதலின். வழியில் அச்சு முறிதலுங் கூடும் என்பதைப் புறப்படுமுன்னரே எண்ணிய அவ்வுமணரின் அறிவு நம் போற்றுதலுக்கு உரியதன்றோ?

இற்றைநாள் ஊர்தியிலோ அச்சொன்று மட்டும் முறிவதில்லை. அடிச்சட்டம் பிளக்கும், அதிர்வுதாங்கியைப் பிணித்துள்ள இரும்புக்காது அற்றுவிழும், சக்கரங்களைத் திருப்புந் தண்டு ஒடியும். எல்லா உறுப்புக்கும் ஒவ்வொரு சேமவுறுப்புக் கொண்டுசெல்வதாயின், ஊர்தியின்மேல் மற்றோர் ஊர்தியையே ஏற்றிச் செல்லவேண்டும். ஆதலின், கரடுமுரடான வழியிற் செல்வோன் உடன்கொள்ளத்தக்கது உறுப்பன்று. அற்றதை ஒட்டும் ஆற்றலேயாம். அவ்வாற்றலை ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கித் தருவதே மின்கலத்தால் இயங்கும் பற்றவைப்புக் கருவி. பட்டறைகளில் 'வெல்டிங்' என்று வழங்கும் தொழிலை மின்கம்பி எட்டாத காட்டிலும் செய்ய உதவுவது அது. இக்கருவி வரவேற்கத்தக்கதே, ஆயினும், பயிற்சியில்லாதவன் அதனைச் சுமந்து செல்வது, சுமவாமற் செல்வதைக் காட்டிலுந் தீது என்பதே எம் கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டு ஆராய்வாம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் விலூனா என்னும் ஊரிலிருந்து ஹால்ஸ் கிரீக் என்னும் ஊர்வரை ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது கேனிங் கால்நடைப் பாதை. ஆல்பிரெட் கேனிங் என்பார் 1906ஆம் ஆண்டில் வழியளந்து, 1908 முதல் 1910 வரை கிணறுகள் தோண்டி அமைத்தது அது. மந்தைகள் நடந்த அவ்வழியில் இன்று நாற்சக்கரமும் விசையால் உந்தப்பெறும் ஊர்திகள் செல்கின்றன. ஏறத்தாழ 900 மணற்குன்றுகளை ஏறியிறங்கல் வேண்டும். குன்றில்லாத இடங்களிலோ, தரை கடலோரத்து மணலைப்போல வரிவரியாய் இறுகிக் கிடக்கின்றது. அவ்வரிகள் நாள்முழுதும் ஊர்தியை உலுக்குதலால் இரும்பு களைப்புறுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத கீறல் நாளடைவில் வளர்ந்து, எதிர்பாராத ஓரிடத்தில் முறிவாகின்றது. பட்டறையோ பன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால் உளது. நீரும் உணவும் அளவோடு உள்ளன. அந்நிலையில் ஒருசாண் நீளமுள்ள நல்ல ஒட்டு, உயிருக்கு ஒப்பாகும்.

மின்கலத்தின் துணையால் இரும்பை ஒட்டுதல் புதுமையன்று. 1881ஆம் ஆண்டில், உருசிய நாட்டு நிக்கொலாய் பெனார்தோஸ் என்பார், கரிக்கோலுக்கும் இரும்புக்கும் இடையே மின்வில்லை எழுப்பிப் பற்றவைக்கும் முறையைக் காட்டியபோது, அதற்குச் சேமக்கலங்களையே பயன்கொண்டார். பின்னாளில், காட்டுவழிச் செல்வோர், 12 வோல்ட் அளவுள்ள ஊர்தி மின்கலங்கள் இரண்டையோ மூன்றையோ ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடுத்து, 24 அல்லது 36 வோல்ட் பெற்று, தடித்த கம்பிகளின் முனையில் வெல்டிங் குச்சியைப் பற்றி முறிந்ததை ஒட்டக் கற்றனர். செலவு மிகக் குறைந்த வழி அது. ஆயின், மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் தக்க கட்டுப்பாடில்லை. அங்குசமின்றி யானையை நடத்துவது போன்றது அது. ஈயமும் அமிலமும் கொண்ட அக்கலங்கள் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடுவன. பொறி பட்டால் வெடிப்பன. ஒட்டிமுடித்த பின்னர் ஊர்தியைக் கிளப்புதற்கே வலுவின்றி அவை சோர்ந்துவிடுதலும் உண்டு.

லித்தியம் மின்கலங்கொண்ட புதிய கருவிகள் இக்குறைகளிற் பலவற்றைப் போக்கின. ஆஸ்திரிய நாட்டுப் பிரோனியஸ் நிறுவனத்தாரின் அக்யூபாக்கெட் என்னுங் கருவி சுமார் 11 கிலோகிராம் எடையே உள்ளது. ஒருமுறை மின்னேற்றினால், 2.5 மில்லிமீட்டர் பருமனுள்ள குச்சிகள் 18 வரை எரிக்கலாம் என்பர். முறிந்த காதொன்றை ஒட்டுதற்கு அது போதும். மின்னோட்டத்தை வேண்டுமளவு அமைத்துக்கொள்ளலாம். ஊர்தியின் மின்கலமும் வறிதே வற்றாது. ஆயின் விலை மிகுதி. எனவே, ஒவ்வொருவரும் ஒன்று வாங்குதல் வேண்டா. நான்கைந்து ஊர்திகள் கூடிச் செல்லும் குழுவுக்கு ஒன்று அமையும்.

இங்ஙனங் கூறுங்கால் மறுப்பார் இருதிறத்தார் எழுவர். "செயற்கைக்கோள் தொலைபேசி கையில் இருக்க, இச்சுமை எற்றுக்கு? அழைத்தால் உதவி வாராதோ?" என்பார் ஒருசாரார். உதவி வரும், ஆயின் அதுவும் அதே மணற்குன்றுகளைக் கடந்தே வரவேண்டும். ஒருவன் தானே செப்பனிடத்தக்க முறிவுக்காக வேறு மனிதர் தம் உயிரை இடருக்கு உட்படுத்துதல் நீதியாகுமா? மீட்கவியலாத ஊர்தியைப் பாலையிற் கைவிட்டு வருவாரும் உளர். அந்நிலம் மார்ட்டு முதலிய பழங்குடி மக்களின் தாயகம். விருந்தினனாய்ச் சென்றவன் பிறர் முற்றத்தில் துருப்பிடித்த இரும்பையும் ஒழுகும் எண்ணெயையும் விட்டு வருதல் பண்பாகாது.

"கருவி கையிலிருந்தால் மூடனுக்குத் துணிவு மிகும்" என்பார் மற்றொருசாரார். இக்கூற்றில் உண்மை உண்டு. இதனை யாமும் உடன்படுகின்றோம். அப்பாலை வழியில் ஸ்பினிபெக்ஸ் என்னும் முள்ளார்ந்த புல் மண்டிக் கிடக்கின்றது. பிசின் பொருந்திய அப்புல் எளிதில் தீப்பற்றும். ஓடும் ஊர்தியின் அடியிற் புகுந்து அடைந்துகொள்ளும். அதனைக் களையாமல் அங்கே மின்வில்லை எழுப்புவோன், ஊர்தியையும் காட்டையும் ஒருங்கே எரித்தவனாவான். தீமூட்டலை முற்றும் தடைசெய்யும் நாட்களில், திறந்தவெளியிற் பற்றவைத்தலையும் மேற்கு ஆஸ்திரேலியச் சட்டம் விலக்குகின்றது. எரிபொருட்கலத்தின் அருகே ஒட்டலாகாது. ஊர்தியின் மின்கலத் தொடர்பை முன்னரே அகற்றாவிடின், அதன் கணிப்பொறி பழுதுறக்கூடும். மின்வில்லின் ஒளியோ கண்ணைச் சுடும். வெயிற்கண்ணாடி அதற்கு ஈடாகாது. இவையெல்லாம் கருவிப்பெட்டியோடு வருவன அல்ல, கற்றே அறியத்தக்கன.

இவற்றினும் நுட்பமானது ஒன்று உளது. மேலே பார்த்தற்கு அழகிய ஒட்டு, உள்ளே பற்றாமல் இருத்தல் கூடும். ஸ்பிரிங் பட்டைகளின் எஃகு, தக்க சூட்டாற் பதமாக்கப்பட்டது. அதனைப் பற்றவைத்தால் பதங் கெட்டு, ஒட்டின் அயலிலேயே மீண்டும் முறியும். திருப்புந்தண்டில் இட்ட ஒட்டு விட்டுப்போமாயின், ஊர்தி தன்வழியே செல்லும். எனவே காட்டில் இட்ட ஒட்டு, புண்ணுக்குக் கட்டிய துணியேயன்றி மருந்தாகாது. அதனை நம்பி மெல்ல ஊர்ந்து ஊர் சேரலாம். சேர்ந்தவுடன் உறுப்பை மாற்றுதல் வேண்டும். 'இதுவே போதும்' என்று பெருவழியில் விரைந்தோட்டுவோன், எதிரே வருவோர் உயிரையும் அவ்வொட்டின்மேல் தொங்கவிடுகின்றான். முறிந்ததை ஒட்டத் தெரிந்தவன், தன் ஒட்டை எதுவரை நம்பலாம் என்பதையும் தெரிந்திருக்கக் கடவன்.

விவிலியத்தில், சாமுவேல் முதற் புத்தகத்தின் 13ஆம் அதிகாரம், இஸ்ரவேல் நாடெங்கும் கொல்லன் ஒருவனும் இல்லாதிருந்த காலத்தைக் கூறுகின்றது. தம் கொழுவையும் கோடரியையும் தீட்டுதற்கும் அம்மக்கள் பகைவராகிய பெலிஸ்தரிடமே செல்லவேண்டியிருந்தது. அவர்களுக்கு இரும்பு இல்லாமல் இல்லை. இரும்பறிந்த கை இல்லை. கருவி மலிந்த இக்காலத்தில் அந்நிலை வேறோர் உருவில் நம்மிடமும் வந்துளது. விலைகொடுத்தால் கருவி வீடு தேடி வருகின்றது. கைத்திறன் அவ்வாறு வருவதில்லை. நூல் கற்றோர் பட்டறைத் தொழிலை இழிவாக எண்ணுதலும் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை.

ஆதலின், நெடுவழிச் செல்ல விழையும் இளைஞர்க்கு யாம் கூறுவது இதுவே: கருவியை வாங்குமுன் ஒரு பட்டறைக்குச் செல்லுக. அங்கே வெல்டிங் செய்வோரை ஆசானாகக் கொண்டு, கழிவிரும்புத் துண்டுகளை ஒட்டியும், ஒட்டியதைச் சம்மட்டியால் அடித்துப் பிளந்தும், உள்ளே பற்றியதா என்று பார்த்தும் சில வாரமேனும் பயில்க. நும் கை இட்ட ஒட்டுச் சம்மட்டிக்கு அசையாத அன்று, அக்கருவியை ஊர்தியில் ஏற்றுக. சேமஅச்சைக் கட்டிச்சென்ற உமணர் அதனை மாற்றவும் அறிந்திருந்தனர். அறியாதிருந்தால் அது வண்டிக்கு வீண்சுமையாகவே இருந்திருக்கும்.