குவிமாடம் மார்க்கமாகுமா?

பள்ளிவாசல் என்றதும் நம் உள்ளத்தில் எழும் உருவம் எது? பெரியதொரு குவிமாடம், அதன் இருமருங்கும் வானளாவிய மினாராக்கள். இவை இல்லாத கட்டடத்தைப் பள்ளிவாசலென ஏற்கவே நம்மிற் பலருக்கு மனம் வருவதில்லை. ஆனால் மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களோடு கல்லும் மண்ணும் சுமந்து எழுப்பிய பள்ளியில் இவை இருந்தனவா? பேரீச்ச மரத் தூண்கள், ஓலைக் கூரை, மண் செங்கற் சுவர், அவ்வளவே. ஹழ்ரத் பிலால் (ரலி) அவர்கள் அருகிருந்த வீட்டுக் கூரையின்மீது ஏறிப் பாங்கு சொன்னார்கள்.

குவிமாடத்தை இகழ்வது நம் நோக்கமன்று. 16ஆம் நூற்றாண்டில் சினான் என்னும் மாமேதை எதிர்னே நகரின் செலிமிய்யாப் பள்ளிக்குக் குவிமாடம் அமைத்தார். கல்லும் செங்கல்லும் கொண்டு, தூண்களின் நெரிசலின்றிப் பரந்த இடத்தை மூட அன்று அதுவே வழி. மினாரா, பாங்கோசை தொலைவிற் கேட்பதற்குத் துணையாயிற்று. இன்று இரும்பும் கான்கிரீட்டும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டன. காரணம் மறைந்த பின்னும் உருவத்தை மட்டும் நகலெடுப்பது சினானுக்குச் செய்யும் மரியாதையா? அவர் எவரையும் நகலெடுக்கவில்லையே!

துருக்கியின் வேதாத் தலோகாய் 1957ஆம் ஆண்டுப் போட்டியில் அங்காராவின் கோஜாதெபே பள்ளிக்குப் புதுமுறை வரைபடம் தந்து வென்றார். அடித்தள வேலை தொடங்கிய பின்னரும் அது கைவிடப்பட்டது. 1987இல் அங்கே திறக்கப்பட்டதோ, உஸ்மானியர் காலப் பள்ளியின் கான்கிரீட் நகல், அடித்தளத்தில் அங்காடி! அதே தலோகாய் 1969இல் இஸ்லாமாபாத் போட்டியில் வென்றார். குவிமாடமே இன்றி, பாலைவனக் கூடாரம் போல் அவர் வகுத்த பைசல் பள்ளி 1986இல் நிறைவுற்றது. அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. இன்றோ, மார்கல்லா மலையடியில் நிற்கும் அப்பள்ளியே பாகிஸ்தானின் அடையாளம்.

மறுபுறம் உயரப் போட்டி! காசாபிளாங்காவில் 1993இல் 200 மீட்டர் மினாரா. அதை விஞ்ச அல்ஜியர்ஸில் 265 மீட்டர். பள்ளிகளைக் கொண்டு மக்கள் பெருமை பேசிக்கொள்வது இறுதி நாளின் அடையாளங்களுள் ஒன்றென ஹதீஸில் வரும் எச்சரிக்கையை நாம் மறந்துவிட்டோமா?

டாக்காவைப் பாருங்கள். தம் பாட்டியார் வழங்கிய நிலத்தில் மரீனா தபஸ்ஸும் என்னும் பெண்மணி வகுத்து, 2012இல் நிறைவுற்றது பைத்துர் ரவூஃப் பள்ளி. குவிமாடமில்லை, மினாராவில்லை. வங்கத்துச் செங்கல், இடைவெளிகளில் நுழையும் காற்று, கூரைத் துளைகளின் வழியே தொழுவோர்மீது பொழியும் ஒளி. 2016இல் ஆகா கான் கட்டடக்கலை விருது அதனைத் தேடி வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 2019இல் திறக்கப்பட்ட பள்ளியிலோ, மரத் தூண்கள் சோலைபோற் கிளைத்துக் கூரையைத் தாங்குகின்றன. சிறிய குவிமாடம் ஒன்று உண்டு. ஆயினும் அப்பள்ளியின் அழகு அதை நம்பியில்லை.

“சுவிட்சர்லாந்து 2009இல் வாக்கெடுப்பு நடத்தி மினாராவைத் தடை செய்ததே! இவ்வேளையில் நீரும் அதைக் குறை கூறலாமா?” என்று கேட்பீர்கள். அத்தடை அநீதி, ஐயமில்லை. எவ்வடிவிற் கட்டுவதென்பது தொழுவோரின் உரிமை. ஆனால் உரிமை வேறு, கடமை வேறு. மினாராவைத் தடுத்தால் இஸ்லாமே தடைபட்டுவிடும் என்று எண்ணியோரின் அறியாமையை நாமும் பகிர்ந்துகொள்ள வேண்டுமா?

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இம்மண்ணின் கல்தூண் மண்டபங்களையே பள்ளிகளாக்கி, கிப்லா நோக்கிச் சிரம் பணிந்தனர். அவர்களது ஈமானில் எக்குறையும் நேர்ந்ததில்லை.

ஆகவே, புதுப் பள்ளிக்கு நன்கொடை கேட்டு வருவோரிடம் மினாராவின் உயரத்தைக் கேளாதீர்கள். வெளிச்சமும் காற்றும் உண்டா, பெண்கள் தொழத் தக்க இடம் உண்டா, முதியவர் சிரமமின்றி ஒளூச் செய்யலாமா என்று கேளுங்கள். அல்லாஹ்வின் இல்லத்திற்கு அழகு தருவது அதன் நிழலில் அமைதி காணும் அடியார்களே!