பீப்பாய் மாறினால் ஹராம் ஹலாலாகுமா?



மதுக்கடை வாசலை மிதித்தறியாத குடும்பங்களுக்குள்ளும் இன்று ஒரு புதிய பேச்சு நுழைந்திருக்கிறது. வீட்டிலேயே விஸ்கி வடித்து, சிறு ஓக் மரப் பீப்பாயில் ஊறவைத்துப் பக்குவப்படுத்தும் காணொளிகளைக் கண்டு, “இது குடிவெறியன்று, கைத்திறன், கலப்படமற்றது, விற்பனைக்கும் அன்று” என்று நம் இளைஞர் சிலர் வாதிடுகின்றனர். இவ்வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

“வீட்டில் செய்தது” என்கின்றனர். மதீனாவில் மது விலக்கப்பட்ட நாளில் அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் பரிமாறப்பட்டது எது? பேரீச்சங்காயும் கனியும் ஊறவைத்துச் செய்த பானம்தான். தடை அறிவிக்கப்பட்ட குரல் கேட்டதும் அதைத் தெருவில் கொட்டினார்கள். “இது நம் வீட்டுத் தயாரிப்பாயிற்றே” என்று எவரும் தயங்கவில்லை.

“திராட்சை மதுவைத்தானே மார்க்கம் தடுத்தது? விஸ்கி தானியமல்லவா?” என்பது அடுத்த வாதம். உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று, திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகிய ஐந்தையும் எண்ணிச் சொல்லி, அறிவை மறைப்பது எதுவோ அதுவே மது என்று தெளிவுபடுத்திவிட்டார்கள் (புகாரி). விஸ்கியின் மூலப்பொருளான வாற்கோதுமை அப்பட்டியலிலேயே இருக்கிறது.

பீப்பாயின் பெருமைக்கு வருவோம். அப்துல் கைஸ் குலத்தார் வந்தபோது, சுரைக்குடுக்கை, மெருகிட்ட சாடி, குடைந்த பேரீச்ச மரத்தண்டு, கீல் பூசிய கலம் ஆகியவற்றில் பானம் ஊறவைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பின்னாளில் பாத்திரங்களை அனுமதித்தார்கள். போதையை அனுமதிக்கவில்லை (முஸ்லிம்). ஆகவே மரத்தின் மீது குற்றமில்லை. மரத்தின் சிறப்பைச் சொல்லி உள்ளிருப்பதை ஹலாலாக்கவும் இயலாது.

“தூய்மையானது” என்பதும் வெறும் சொல்லே. பீப்பாய் சிறிதாகச் சிறிதாக, உள்ளிருக்கும் பானத்தின் அளவை நோக்க மரத்தின் பரப்பு மிகும். அதனால் நிறமும் மணமும் விரைந்து ஏறும். அவ்வளவே. வடிக்கும்போது நேர்ந்த பிழையை மரம் திருத்தாது, மெத்தனாலை நீக்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். அந்நஞ்சை நாவால் கண்டறிய எவராலும் இயலாது. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும் பகுதியை அத்தொழிலார் ‘வானவர்களின் பங்கு’ என்றழைக்கின்றனர். நஊதுபில்லாஹ்! அல்லாஹ்வின் கட்டளையை மீறாத மலக்குகளுக்கு மதுவில் பங்கா?

“விற்கவில்லையே” என்போர், மதுவின் பொருட்டு நபியவர்கள் சபித்த பத்துப் பேரை நினைவுகூரட்டும். விற்பவன் அவர்களுள் ஒருவன் மட்டுமே. பிழிபவனும் சுமப்பவனும் பரிமாறுபவனும் அதே வரிசையில்தான் நிற்கின்றனர் (திர்மிதீ). நாட்டுச் சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி வடிப்பதே குற்றம்.

எங்கள் எட்டயபுரத்துக் கரிசல் மண் இவ்வுண்மையை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. ஒரே பனை, ஒரே பாளை, ஒரே கலயம். உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் கள். பதநீர் கருப்பட்டியாகிக் குழந்தையின் கைக்கு வருகிறது. கள் தகப்பனின் அறிவை மறைக்கிறது. நபியவர்களும் பேரீச்சை ஊறிய நீரை அருந்தினார்கள்; மூன்று நாளைக் கடந்ததை அருந்தவில்லை (முஸ்லிம்). பொழுதை எண்ணிப் பானத்தைக் காத்த அந்தப் பேணுதல் எங்கே, போதையை ஆண்டுக்கணக்கில் வளர்க்கும் இந்தப் பெருமிதம் எங்கே!

பெற்றோரே, கடையில் குடிப்பவன் தன் பிள்ளைக்குத் தெரியாமல் ஒளிக்கிறான். அந்த வெட்கத்தில் தவ்பாவுக்கு ஒரு வாசல் இருக்கிறது. கூடத்தில் பீப்பாயை அலங்கரித்து வைப்பவனோ அந்த வெட்கத்தையே போக்கிவிடுகிறான். அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு ஹராம் என்ற சொல்லின் பொருளே மங்கிவிடும். இதையே நாங்கள் பெரிதும் அஞ்சுகிறோம்.

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கும் ஊர் இது. நபியின் வாழ்வைத் தமிழில் பாடித் தந்த மண்ணில், நபி கொட்டச் சொன்னதைச் சேமித்து வைப்பது நமக்கு அழகன்று. பிள்ளைகளின் கைத்திறனுக்கு ஹலாலான வழிகளைக் காட்டுவோம். நம் இல்லங்களை அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.