மலிவான ஊர் யாருக்கு மலிவானது?

கொழும்பிலிருந்து திருகோணமலை நோக்கிப் புறப்படும் வெளிநாட்டவர்கள் கந்தளாய்க் குளக்கட்டில் சற்று நேரம் வாகனத்தை நிறுத்தி, படம் பிடித்துக்கொண்டு நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் சென்றுவிடுவதே இதுவரை நாம் கண்ட வழக்கம். ஆனால் உலகெங்கும் இன்னொரு வகைப் பயணி உருவாகிவிட்டார். இரு வாரங்களில் திரும்பிப்போகும் உல்லாசப் பயணியல்ல அவர். தமது நாட்டு ஓய்வூதியத்தையோ, இணையத்தின் மூலம் ஈட்டும் சம்பளத்தையோ கொண்டு, வெப்பமண்டலத் தீவொன்றின் சிற்றூரில் மாதக்கணக்காக வீடு எடுத்துத் தங்குகின்றவர். அவர் தேடுவது கடல், வெயில், அமைதி, எல்லாவற்றுக்கும் மேலாக மலிவு.

கந்தளாய் இன்று அத்தகையோரின் ஊரல்ல. எனினும் அவர்கள் விரும்புபவற்றுள் பல இங்குள்ளன. பெருங்குளமும் வயல்வெளியும், புகையிரத நிலையமும், ஆதார வைத்தியசாலையும், ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவில் கடற்கரையும் உள்ளன. கரையோரத்தில் வாடகை ஏறும்போது மலிவைத் தேடுவோர் உள்நாட்டுக்கு நகர்வது பிற நாடுகளில் கண்ட உண்மை. ஆகவே இது குறித்து முன்கூட்டியே சிந்திப்பது தவறாகாது.

முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இந்நாடு யாருக்கு மலிவானது? 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களிலேயே 360 ரூபாவைத் தொட்டது. பின்னர் அது ஓரளவு இறங்கி 300 ரூபாவை அண்டிய நிலைக்கு வந்தபோதிலும், பழைய நிலை திரும்பவில்லை. நமது கூலியின் பெறுமதி கரைந்ததைத்தான் வெளிநாட்டவர் மலிவு என்கின்றனர். 55 வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கென இலங்கை வழங்கும் நீண்டகால வதிவிட வீசாவுக்கு, மாதாந்தம் 1,500 டொலரை இங்கு தருவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அது ஏறக்குறைய நாலரை இலட்சம் ரூபா. அதே நாட்டின் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டு, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. பதினைந்து மடங்கு வருமானமுள்ள ஒருவர் அதே தெருவில் வீடு தேடும்போது, வீட்டு வாடகையை யார் தீர்மானிப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

காலிக் கோட்டையின் அனுபவம் நமக்குப் பாடமாக வேண்டும். வெளிநாட்டவர் காணி வாங்குவதற்கு விதிக்கப்பட்டிருந்த நூறு வீத வரி 2002இல் நீக்கப்பட்டு, 2004இல் மீண்டும் விதிக்கப்பட்டது. அந்தக் குறுகிய இடைவெளியில் கோட்டைக்குள் வீடுகள் பல கைமாறின. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் பல, அன்று பெருந்தொகையாகத் தோன்றிய பணத்துக்கு வீடுகளை விற்று வெளியேறின. பள்ளிவாசல் இருக்கின்றது. அதனைச் சூழ்ந்திருந்த குடும்பங்கள் குறைந்துவிட்டன. எவரும் அவர்களை விரட்டவில்லை. விலையே அவர்களை வெளியேற்றியது.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், வெளிநாட்டவருக்கும், ஐம்பது வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிகளுக்கும் காணியை உரிமைமாற்றுவதைப் பொதுவாகத் தடை செய்கின்றது. எனினும் நீண்டகாலக் குத்தகைக்கு வழி உண்டு. உள்ளூரவர் ஒருவரின் பெயரில் வாங்கிப் பின்னால் நின்று ஆளும் தந்திரத்தையும் சட்டப் புத்தகம் மட்டும் தடுத்துவிடாது.

கந்தளாயைப் பொறுத்தவரை இந்த ஆபத்துக்கு இன்னொரு முகமுண்டு. இங்குள்ள குடியேற்றக் காணிகளிற் பல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. அவற்றை உரிய அனுமதியின்றிக் கைமாற்ற இயலாது. 2024இல் தொடங்கப்பட்ட ‘உறுமய’ திட்டம், இத்தகைய காணிகளுக்கு முழு உரித்து வழங்க முற்பட்டது. முழு உரித்து என்பது விவசாயியின் நியாயமான கோரிக்கையே. ஆனால் விற்கும் உரிமை, கடனில் மூழ்கியவனுக்கு விற்க வேண்டிய கட்டாயமாகவும் மாறும். வறட்சி, யானைத் தொல்லை, உர விலை எனும் மூன்றுக்குமிடையே தவிக்கும் விவசாயியிடம் ரொக்கப் பணத்துடன் ஒருவர் வந்தால் அவன் என்ன செய்வான்?

இம்மண்ணில் வந்து குடியேறுதல் என்பது எளிய சொல்லுமல்ல. குளக்கோட்டன் மரபையும் இரண்டாம் அக்கிரபோதியின் வரலாற்றையும் ஒருங்கே சுமக்கும் குளம் இது. அதன் கீழ் சுதந்திரத்தை அண்டிய காலத்தில் தொடங்கிய அரச குடியேற்றம், மாவட்டத்தின் இனவிகிதாசாரம் பற்றிய கசப்பான விவாதத்தின் ஓர் அத்தியாயமாக இன்றும் நீடிக்கின்றது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதே குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் அதிகமானோரைக் காவுகொண்டது. 2006 ஆகஸ்டில் மூதூரில் யுத்தம் வெடித்தபோது, உடுத்த துணியுடன் நடந்து வந்த பல்லாயிரம் முஸ்லிம்களுக்குக் கந்தளாய் அடைக்கலம் கொடுத்தது. அன்று வந்தவர்களிடம் டொலர் இருக்கவில்லை. அதே ஆண்டு இடம்பெயர்ந்த சம்பூர்த் தமிழ் மக்கள், தமது காணிக்குத் திரும்ப ஏறக்குறைய பத்தாண்டுகள் காத்திருந்தனர். சொந்த மாவட்டத்து மக்களுக்கு மண்ணை மீட்டுக் கொடுக்கத் தாமதித்த அரசு, பணமுள்ள விருந்தினருக்கு விரைந்து கதவு திறக்குமானால், அது நீதியாகாது.

இதனால் வெளிநாட்டவரை வெறுக்க வேண்டும் என நாம் கூறவில்லை. அவ்வாறு கூறும் தகுதியும் நமக்கில்லை. பிறநாட்டில் பிழைப்புத் தேடியோரின் மாவட்டம் இது. மூதூரிலிருந்து 2005இல் சவூதிக்குச் சென்ற றிஸானா நபீக், பதினேழு வயதில் கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டு அனுப்பப்பட்டவர். தமது பராமரிப்பிலிருந்த குழந்தை இறந்த வழக்கில், 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்நிய நாட்டில் சட்டம் அறியாதவராய், மொழி புரியாதவராய் நிற்பதன் கொடுமையை அறிந்தவர்கள் நாம். நமது ஊருக்கு வருபவரிடம் கண்ணியமாக நடப்பது நமது கடமை.

ஆனால் கண்ணியம் இருபுறமும் இருத்தல் வேண்டும். 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் எனக் களியாட்டமொன்றுக்கு விடுக்கப்பட்ட அழைப்பு நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பியதால், அந்நிகழ்வு கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அறுகம்பையில் தாக்குதல் அச்சுறுத்தல் என்ற எச்சரிக்கை வெளியானபோது, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பொத்துவில் பிரதேசம் முழுவதும் பாதுகாப்புப் படையினரின் கண்காணிப்புக்குள் வந்தது. சுற்றுலா வீசாவில் வந்தோர் வணிகம் நடத்துகின்றனர் என்ற உள்ளூர் மக்களின் முறைப்பாடு உரிய காலத்தில் செவிமடுக்கப்பட்டிருந்தால், கசப்பு இவ்வளவு முற்றியிராது. வருபவரின் இனமோ மதமோ அல்ல, சட்டம் அவருக்குச் சமமாகப் பிரயோகிக்கப்படுகின்றதா என்பதே கேள்வி.

செய்ய வேண்டியவை அரிதானவையல்ல. நீண்டகாலம் தங்குவோருக்கு வாடகைக்கு விடப்படும் வீடுகள் பிரதேச சபையில் பதிவு செய்யப்பட வேண்டும். அதில் கிடைக்கும் வரி அவ்வூரின் குடிநீருக்கும் கழிவகற்றலுக்கும் செலவிடப்பட வேண்டும். முழு உரித்துப் பெறும் விவசாயக் காணிகள் வெளியார் கைக்குப் போகாதவாறு, குறிப்பிட்ட காலத்துக்கேனும் விற்பனைக் கட்டுப்பாடு தேவை. பினாமிப் பெயரில் நடக்கும் உரிமைமாற்றங்களைப் பிரதேச செயலகமும் காணிப் பதிவகமும் இணைந்து கண்காணிக்க வேண்டும். மூன்று இனத்தவரில் எவரும் அறுதிப் பெரும்பான்மை பெறாத இம்மாவட்டத்தில், இவை எல்லோருக்கும் பொதுவான நலன்கள். இந்த விடயத்திலேனும் தமிழ், முஸ்லிம், சிங்கள விவசாயிகள் ஒன்றாகக் குரல் கொடுக்க முடியும்.

விருந்தினருக்குத் திண்ணையில் இடம் கொடுப்பது நமது பண்பாடு. வீட்டு உறுதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் பின்னர் அதே திண்ணையில் நாம் வாடகைக்கு இருக்கும் நிலையை, இப்போதே தவிர்த்துக்கொள்ள வேண்டும்.