டைமிங் செயினின் வயது மீட்டரில் இல்லை

2020 மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்ட போதிலும், வரிகளோடு சேர்த்துப் பார்க்கையில் புதிய வாகனம் என்பது நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே பத்து, பதினைந்து, இருபது வருடங்கள் பழைமையான சிறிய கார்களே இன்று பலரது வீட்டிலுள்ள பெரிய சொத்து. கடைக்குச் சாமான் ஏற்றுவதும் அதில்தான், பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோவதும் அதில்தான். சிலருக்கு ஹயர் ஓடி உழைக்கும் மூலதனமும் அதுவே. அந்த மூலதனத்தைக் காப்பது பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறேன்.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை நடத்தும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "நானா, ஒரு இலட்சம் ஓடி முடிஞ்சி. டைமிங் செயின மாத்திடுவமா?" கேட்பவர் சரியென்றால் ஒரு செட்டை விற்றுவிடலாம். ஆனாலும் கிலோமீற்றரை மாத்திரம் வைத்து செயினை மாற்றுவது வீண் செலவு என்பதே எனது அபிப்பிராயம். மறுபுறத்தில், "செயின் என்றால் ஆயுளுக்கும் போதும்" என்று நம்பியிருப்பவர்களும் நஷ்டப்படவே செய்கிறார்கள்.

பெல்ட் வேறு, செயின் வேறு

இந்த ஒரு இலட்சம் என்ற கணக்கு டைமிங் பெல்ட்டிலிருந்து வந்தது. மாருதி 800, கொரோலா 110 போன்றவற்றின் என்ஜின்களில் இருப்பது இறப்பர் பெல்ட். அது வெளியே தெரியாமல் உள்ளுக்குள் பழுதாகி, ஒருநாள் சொல்லாமல் அறுந்துவிடும். எனவே கிலோமீற்றரும் வருடமும் பார்த்து அதை மாற்றியே ஆக வேண்டும். கொரோலா 121, விட்ஸ், நிசான் மார்ச், ஜப்பான் வெகன் ஆர் போன்றவற்றில் இருப்பது இரும்புச் செயின். இதற்கு அவ்வாறான நிலையான கெடு பொதுவாக இல்லை. உங்கள் வாகனத்தில் இருப்பது எது என்பதை முதலில் உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள்.

செயின் ஏன் தேய்கிறது?

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்தக் கணக்குத் தவறாமல் இரண்டையும் இணைத்து வைத்திருப்பதே செயினின் வேலை. "செயின் இழுபட்டுவிட்டது" என்று நாம் சொன்னாலும், உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. கண்ணிகளை இணைக்கும் சிறு ஊசிகளும் அவை அமரும் துவாரங்களும் தேய்வதால் முழுச் செயினும் நீண்டுவிடுகிறது.

செயினுக்கு வழவழப்பைத் தருவது என்ஜின் ஓயில். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பெரும்பாலான சிறிய கார்களில் ஓயில் அழுத்தத்திலேயே இயங்குகிறது. ஓயில் அழுக்கானாலோ மட்டம் குறைந்தாலோ இரண்டுக்கும் கேடுதான்.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். கொழும்பு நெரிசலில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும் கார் 5,000 கிலோமீற்றர் ஓடி முடிக்க 330 மணித்தியாலங்களுக்கு மேல் என்ஜின் இயங்க வேண்டும். வெளியூர்ப் பாதையில் 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காருக்கு 100 மணித்தியாலங்கள் போதும். மீட்டர் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையைத்தான் காட்டும். அதனால்தான் ஒருவரது கார் இரண்டு இலட்சம் தாண்டியும் அமைதியாக ஓடுகிறது, இன்னொருவரது கார் எண்பதாயிரத்திலேயே சத்தமிடுகிறது. போதாததற்கு, பாவித்த வாகனச் சந்தையில் மீட்டரைப் பின்னோக்கித் திருப்பும் வழக்கமும் இருக்கிறது.

எப்போது மாற்றுவது?

காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது என்ஜினின் செயின் மூடிப் பக்கத்திலிருந்து வரும் சலசலப்பே முதல் அறிகுறி. ஓரிரு விநாடிகளில் நின்றுவிட்டால் டென்ஷனருக்கு ஓயில் ஏறும் நேரம் எனக் கொண்டு கவனித்து வரலாம். நாளுக்கு நாள் நீடித்தாலோ, சூடான பின்பும் கேட்டாலோ தாமதிக்க வேண்டாம். ஆனால் முதலில் டிப் ஸ்டிக்கை இழுத்து ஓயில் மட்டத்தைப் பாருங்கள். வோட்டர் பம்ப், ஓல்டர்னேட்டர் பெயாரிங்குகளும் இதே பக்கத்தில் சத்தமிடக் கூடியவை.

இரண்டாவது, செக் என்ஜின் விளக்கு. ஸ்கேன் செய்தால் பீ0016 என்ற இலக்கம் வந்தால், கிராங்கும் கேமும் தமக்குள் ஒத்துப்போகவில்லை என்பது பொருள். சென்ஸரோ ஓயில் கன்ட்ரோல் வால்வோ கூடக் காரணமாகலாம் என்பதால் அவற்றைச் சோதித்த பின்பே என்ஜினைத் திறக்க வேண்டும். மூன்றாவது, இறக்கிய ஓயிலில் பிளாஸ்டிக் துண்டுகளோ உலோகத் துகள்களோ காணப்படுவது. செயின் உராயும் கைட் உடைகிறது என்பதற்கு அது அடையாளம்.

இவற்றில் ஒன்று உறுதியானால் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பது ஆபத்தானது. செயின் பற்களைத் தாண்டிவிட்டால் பல என்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். அதன் பின்னர் ஹெட் வேலை அல்லது வேறு என்ஜின். என்ஜினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதன் இலக்கத்தையும் மாற்றிப் பதிய வேண்டும். திருத்தும் நாட்களில் ஹயரும் இல்லை, கடைச் சாமானும் இல்லை.

"அப்படியானால் முன்கூட்டியே மாற்றினால் நல்லதுதானே?" என்று சிலர் கேட்கலாம். நல்ல நிலையிலுள்ள கம்பனிச் செயினைக் கழற்றிவிட்டு, பெட்டியில் மட்டும் பெயர் இருக்கும் போலிச் செயினைப் போடுவது முன்னேற்பாடல்ல. வேறு வேலைக்காக என்ஜினின் முன்மூடி எப்படியும் திறக்கப்படுகிறது, வாகனத்தின் வரலாறும் தெரியாது என்றால் மாத்திரம் அப்போதே மாற்றிவிடுவது இலாபம்.

மாற்றுவதானால் முழுமையாக

இவ்வேலையில் பெருஞ்செலவு சாமானுக்கல்ல, மூடியைத் திறந்து மீண்டும் பூட்டும் கூலிக்கே. ஆகவே செயினை மட்டும் மாற்றி பழைய டென்ஷனரையும் கைட்டுகளையும் விட்டுவைப்பது சிக்கனமாகாது. தேய்ந்த ஸ்புரொக்கட்டில் புதிய செயினை ஏற்றினால் அதுவும் விரைவாகத் தேயும். முன் ஓயில் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். பாவித்த என்ஜினிலிருந்து கழற்றிய செயினை விலை குறைவு என்று வாங்காதீர்கள். பழைய பாகங்களைக் கையில் தரும்படி பாஸிடம் கேளுங்கள், பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். காரை விற்கும் நாளில் அந்தச் சீட்டுக்கும் ஒரு பெறுமதி உண்டு.

காரை விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சத்தத்தை மறைக்கத் தடித்த ஓயிலை ஊற்றி, என்ஜினைச் சூடாக்கி வைத்துவிட்டு வாங்குபவரை அழைப்பது வியாபாரமல்ல. குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்பதே இரு தரப்புக்கும் நல்லது. வாங்குபவர்கள், முன்னறிவித்தலின்றி காலையில் சென்று, என்ஜின் குளிர்ந்திருக்கும் போதே ஸ்டார்ட் செய்து கேளுங்கள்.

நெரிசலில் ஓடும் பழைய காருக்குச் சாதாரண ஓயில் என்றால் 5,000 கிலோமீற்றருக்கு முன்பே மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கொரு முறை மட்டத்தைப் பாருங்கள். இதைச் செய்பவர்களில் பெரும்பாலானோருக்கு எனது கடையில் செயின் செட் வாங்கும் தேவை ஏற்படாது. அதனால் குறையும் வியாபாரம் எனக்குக் கவலையில்லை. ஓயிலும் ஃபில்டரும் வாங்க அவர்கள் வருடத்துக்குப் பல தடவை வரத்தான் செய்கிறார்கள்.